மாமா கோட்டுப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போன கதை

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை அடையாறு தாத்தா வீட்டுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தாத்தா மட்டும் எப்படி எப்போதும் அவ்வளவு அழகாக உடுத்துகிறார், பிறந்ததிலிருந்தே அப்படியா என்று. இல்லை கண்ணுகளா. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தவன். அந்த அழகு வருவதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று சொல்கிறேன். தாத்தாவிடம் போய் ஒப்பிக்கக் கூடாது. ஒப்பித்தாலும் அவர் சிரிக்கத்தான் போகிறார்.

அவர் என் அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமா. அப்போது எனக்கு ஒன்பது வயது. தியாகராய நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கட்பீஸ் துணிக்கடை வைத்திருந்தார். மாமா எங்களோடு தங்கிக்கொண்டு பாரிமுனையில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். கம்பெனியின் கடைசி வெள்ளைக்கார மானேஜர் ஊரைப் பார்க்கக் கிளம்பியபோது தன் சாமான்களை எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். பியூனுக்கு மேசை விசிறி கிடைத்தது. டைப்பிஸ்டுக்குப் பீங்கான் கோப்பைகள். எங்கள் மாமாவுக்கு ஒரு தகரப் பெட்டி.

பெட்டியைத் திறந்தபோது அந்துருண்டை வாசனை வீடு முழுக்க அடித்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி சூட். கோட்டு, பேண்ட், கோட்டுக்கு உள்ளே போடுகிற கையில்லாத வெயிஸ்ட்கோட்டு, எல்லாம் ஒரே துணி. அடியில் பழுப்பு ஷூ ஒரு ஜோடியும், ஆண்கள் உடுப்புப் படங்கள் போட்ட சீமைப் பத்திரிகைகள் ஒரு கட்டும். பியூனுக்குத்தான் யோகம் என்று அம்மா பெருமூச்சு விட்டாள். மாமாவோ அந்தக் கம்பளியை இரண்டு விரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார், கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி.

அன்றிலிருந்து பத்திரிகைப் படிப்புதான். படித்ததை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். கோட்டுக் கைக்கு வெளியே சட்டைக் கை அரை அங்குலம் தெரிய வேண்டும். வெயிஸ்ட்கோட்டின் கடைசிப் பட்டனை எந்தக் காலத்திலும் போடக் கூடாது. எனக்கு இதெல்லாம் பெருமாள் கோயில் ஆசாரம் போலத் தோன்றியது. ஏன் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது. எழுதியிருக்கிறதே, போதாதா?

அந்த வெள்ளைக்காரர் ஒல்லித் தோளும் பெரிய வயிறும் உள்ளவர் போலிருக்கிறது. மாமாவும் நானும் சூட்டைத் தூக்கிக்கொண்டு பாண்டி பஜார் தையல்காரரிடம் போனோம். மாமாவைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அவர் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், உள்ள இன்னொரு ஆளு கீறாரா?"

தோள் மட்டும் தைத்துவைத்தது போல உட்கார்ந்திருந்தது. அதைத் தொடவே மாட்டேன், தோளைப் பிரித்தால் கோட்டே போச்சு என்றார். மற்ற இடமெல்லாம் பிடித்துக் கொடுத்தார். பேண்டு இடுப்பில் நான்கு அங்குலம் குறைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "இதுக்கு மேல புடிச்சா ரெண்டு பாக்கெட்டும் பின்னால ஒண்ணாப் பூடும்." பெல்ட் மாட்டவும் அதில் இடமில்லை. உள்பக்கம் ஆறு பட்டன் இருந்தது. தோள் வழியாக இரண்டு பட்டை போட்டு அந்தப் பட்டன்களில் மாட்டிப் பேண்டைத் தொங்கவிட வேண்டுமாம். அந்தப் பட்டையை மானேஜர் கொடுக்க மறந்துவிட்டார்.

இதற்கிடையில்தான் அடையாறில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. பெண்ணின் அப்பா ரிடையர்டு போஸ்ட்மாஸ்டர், பெண் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இது மாமாவுக்கு நான்காவது இடம். முதல் மூன்று இடத்திலும் மாமா பத்திரிகைப் படங்களைப் பார்த்து வாங்கிய விதவிதமான டையும் தொப்பியுமாகப் போய் நின்றார். பையன் ஏதோ வேஷம் கட்டுகிறான் என்று மூன்று வீட்டிலும் கையை விரித்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் வட்டத்தில் பேச்சு பரவிவிட்டது. இதுவும் தட்டிப்போனால் இனி ஜாதகம் கேட்டு ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று அம்மா அழாத குறை. வேட்டி சட்டையில் போகச் சொல்லிக் கெஞ்சினாள். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர், இதில் மட்டும் அசையவில்லை.

"ஏன் மாப்ளே, கடையில ஒரு கம்பளிப் போர்வை கெடக்கு, அதையும் மேல போத்திக்கிடுதியா?" என்று அப்பா கேட்டார். பங்குனி வெயில் கொளுத்திய நேரம் அது.

"வேண்டாம் அத்தான், கலர் ஒத்துப்போகாது" என்றார் மாமா.

கடைசியில் அம்மா ஒரு வழி செய்தாள். கோட்டு எதற்கு என்று யார் கேட்டாலும், ஆபீசில் உத்தியோக உயர்வு வரப்போகிறது, அதனால் இப்படித்தான் உடுத்த வேண்டும் என்று கம்பெனி ரூல் என்று சொல்லிவிட வேண்டும். மாமாவை உட்காரவைத்து நான்கு தரம் சொல்லச் சொன்னாள். தோள் பட்டைக்கும் அவளே வழி கண்டுபிடித்தாள். பாவாடை நாடா இருக்கும்போது பட்டை எதற்கு? வெள்ளை நாடா இரண்டு கஜம் வாங்கி வா என்று என்னைக் கடைக்கு அனுப்பினாள்.

கடையில் வெள்ளை நாடா இருந்தது. பக்கத்திலேயே ரோஸ் கலரும் இருந்தது. பளபளவென்று அப்படி ஒரு ரோஸ். என்னால் தாண்டி வர முடியவில்லை. வெள்ளை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி ரோஸைக் கொண்டுவந்தேன். வெயிஸ்ட்கோட்டுக்கு உள்ளேதானே இருக்கப் போகிறது, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அம்மாவும் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அப்பா, அம்மா, நான், கம்பளிக்குள் மாமா, நான்கு பேரும் பஸ் ஏறினோம். கண்டக்டர் மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "தொரை, இந்த பஸ் லண்டன் போவாது. அடையாறோட சரி." பஸ்ஸே சிரித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே சில்லறை கொடுத்தார்.

போஸ்ட்மாஸ்டர் வீட்டில் நல்ல மரியாதை. மாமாவை விசிறிக்கு நேர் கீழே உட்காரவைத்தார்கள். பெண்ணின் சித்தப்பா ஒருவர் மாமாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, ஒரு பட்டன் போட மறந்துட்டீங்க" என்றார். அது அப்படித்தான் விட வேண்டும் என்றார் மாமா. சித்தப்பாவுக்குத் தாங்கவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்து, எழுந்து வந்து தானே அந்தப் பட்டனைப் போட்டுவிட்டு, முதுகில் ஒரு தட்டும் தட்டிவிட்டுப் போனார். அவர் திரும்பியதும் மாமா மெல்லக் கழற்றிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் அவர் மறுபடியும் வந்து போட்டார். இப்படியே மூன்று தரம் நடந்தது.

அப்போது பார்த்து கரண்டு போய்விட்டது.

விசிறி மெதுவாக நின்றது. மாமாவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கிளம்பி, மூக்கு வழியாக இறங்கி, டை மேல் சொட்ட ஆரம்பித்தது. முகம் வெளுத்துவிட்டது. எலுமிச்சை ஜூஸ் தட்டோடு வந்த பெண், மற்றப் பெண்கள் மாதிரி தரையைப் பார்க்காமல், மாமாவை நேராகப் பார்த்தாள்.

"அப்பா, அவரைக் கோட்டைக் கழட்டிட்டு உக்காரச் சொல்லுங்க. ஆளு விழுந்துடப் போறாரு."

மாமா எழுந்து கோட்டைக் கழற்றினார். ஆணியில் மாட்டக் கையை உயர்த்தியபோது 'டப்' என்று ஒரு சத்தம். பேண்டின் பின்பக்கத்துப் பட்டன் தெறித்து எங்கேயோ ஓடியது. வெயிஸ்ட்கோட்டுக்கு அடியிலிருந்து ரோஸ் கலரில் ஒரு முழ நாடா விடுபட்டு வால் மாதிரி தொங்கியது. மாமா ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, பாவாடை நாடா!" என்று பெண்ணின் குட்டித் தங்கை கத்தினாள்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளை நாடாவாக இருந்திருந்தால் பட்டை என்று சொல்லியாவது தப்பித்திருக்கலாம். மாமாவின் கல்யாணத்தை நான் கெடுத்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் போஸ்ட்மாஸ்டர் அன்பாகத்தான் கேட்டார். "இந்த வெயில்ல இதெல்லாம் எதுக்கு தம்பி? கம்பெனி ரூலா?"

அம்மாவின் முகம் பளிச்சென்று நிமிர்ந்தது. பதிலையே கேள்வியாக எடுத்துக் கொடுக்கிறாரே! ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பேண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ரூல் எல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார். "எனக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். இன்னும் சரியாப் போட்டுக்கத்தான் தெரியல."

அந்தப் பெண் தன் கண்ணாடி வளையலில் கோத்திருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றினாள். என்னைக் கூப்பிட்டு என் உள்ளங்கையில் வைத்து, "உங்க மாமாகிட்ட குடு" என்றாள். கதவுக்குப் பின்னால் நின்று நாடாவைப் பேண்டோடு சேர்த்து நான்தான் குத்திவிட்டேன். அவசரத்தில் மாமாவுக்கும் ஒரு குத்து விழுந்தது.

திரும்பும் வழியெல்லாம் அம்மா புலம்பினாள். நான்கு தரம் சொல்லிக்கொடுத்தேனே, ஒரு ஆமாம் சொல்ல வாய் வரவில்லையா? மாமா கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு வந்தார். நான் அழுதுகொண்டே நாடா விஷயத்தை ஒப்புக்கொண்டேன். அவர் என் காதோரம் குனிந்து, "கலர் நல்லாத்தான்டா இருந்துச்சு" என்றார்.

வியாழக்கிழமை அடையாறிலிருந்து ஆள் வந்தது, பெண்ணுக்குச் சம்மதம் என்று. அப்பா ஒருமுறை கேட்டுவிட்டு, நம்பாமல் மறுபடியும் சொல்லச் சொன்னார். பெண்ணுக்குக் கண் பார்வை சரியாக இருக்கிறதா என்று அம்மா ரகசியமாக விசாரித்தாள்.

அந்தப் பெண்தான் எனக்கு அத்தை, உங்கள் அடையாறு பாட்டி.

அதற்குப் பிறகு மாமா ஒரே நாளில் மாறிவிடவில்லை. நோட்டைத் தூக்கிப் போடவும் இல்லை. அத்தையும் அவருமாக உட்கார்ந்து, எது நிஜமாகவே பிடித்திருக்கிறது, எது எழுதியிருக்கிறது என்பதற்காகச் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். டை போயிற்று, தொப்பி போயிற்று. கம்பளி போய் அதே சாம்பல் நிறத்தில் பருத்தி வந்தது. தையல்காரர் தொட மாட்டேன் என்ற அந்தத் தோள் அளவை மட்டும் மாமா விடவில்லை. எல்லாச் சட்டையும் அதே தோளுக்குத் தைத்தார். ஷூவுக்குத் தானே பாலிஷ் போட்டுக்கொண்டார். ஊரெல்லாம் பெல்பாட்டமும் நாய்க்காது காலருமாகத் தெருவைக் கூட்டிக்கொண்டு போன வருஷங்களில் அவர் நேர்க்கால் பேண்டில் நடந்து போனார். அவரைக் கிழவன் என்று கேலி செய்தவர்களில் நானும் உண்டு, அப்போது எனக்குப் பதினைந்து வயது. இன்றைக்கு அந்தப் பெல்பாட்டம் போட்டோக்களை உங்கள் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருப்பவனும் நான்தான்.

ரோஸ் நாடாவின் அழகைப் பார்த்துத்தான் அத்தை சம்மதித்தாள் என்று நான் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லாமல் பெருமைப்பட்டும் கொண்டேன். தப்பிக்க வழி கையில் இருக்கும்போது, இத்தனை பேர் சிரித்து முடித்த பிறகு, எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஒரு ஆள் சொன்னது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் பெண் பார்க்க அடையாறு போய்வந்த மறுநாள் காலை ஒன்று செய்தேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. அம்மா வழக்கம்போல எண்ணெய் வைத்து இடது வகிடு எடுத்துப் படிய வாரிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். தலையைத் தண்ணீரில் நனைத்தேன். வகிட்டைக் கலைத்து, முடியை எல்லாம் பின்னுக்குத் தள்ளி, எனக்கு வேண்டிய மாதிரி நேராக வாரினேன். முன்னால் கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றது. அதையும் அப்படியே விட்டுவிட்டு, சுவரில் இருந்த சின்னக் கண்ணாடியில், ஈரம் காயும் வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன்.