தாழ்ப்பாள் இல்லாத வீடு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றிவிட்டார். அண்ணன் அறையில் ஆரம்பித்தார். பிறகு குளியலறை, சாமி அறை, மாடி அறை. வாசல் கதவை அம்மா மறித்துக்கொண்டு நின்றதால் அது மட்டும் தப்பியது. அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். வருஷத்தில் முக்கால்வாசி வடநாட்டில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவருக்கு எதையும் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லை. அதே வேகத்தில் பின்பக்கம் போய் ஆட்டுப்பட்டியின் கொண்டியையும் கழற்றினார். சாயங்காலத்துக்குள் ஆடுகள் பக்கத்துக் காட்டுச் சோளத்தில் பாதியை முடித்திருந்தன.

“ஏனுங்க, ஆட்டுக்குமா மனசு செரியில்லாமப் போச்சு?” என்று அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

நான் பக்கத்தில் நிற்பதை அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். தாழ்ப்பாளெல்லாம் துருப்பிடித்துவிட்டது, புதுசு மாற்றப்போகிறோம் என்று அப்பா எனக்கு விளக்கம் சொன்னார். அவர் கையில் இருந்தவை பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் பொய் சொல்லும்போது பொருளை மறைத்துவைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

அண்ணன் நாமக்கல்லில் விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்னால் எழுப்பிவிட்டுப் படிக்கவைக்கிற இடம். பாதி வருஷத்தில் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். மஞ்சள்காமாலை என்று எனக்கும் ஊருக்கும் சொன்னார்கள். உண்மையில் அவன் அறை நண்பனிடம், இனி உயிரோடு இருந்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லியிருக்கிறான். அந்தப் பையன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் நேராக வார்டனிடம் ஓடியிருக்கிறான். அந்தப் பையன் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு முழுதாகப் புரிந்தது வெகுகாலம் கழித்துத்தான். சேலத்தில் பார்த்த டாக்டரம்மா, கொஞ்ச நாளைக்கு இவனைத் தனியாக விடாதீர்கள், அறையைத் தாழிட்டுக்கொள்ள விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அப்பா அதைத்தான் திருப்புளியால் நிறைவேற்றினார்.

மஞ்சள்காமாலை என்று பொய் சொன்னவர்கள் எங்கள் ஊரை மறந்துவிட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் விசாரித்துவிட்டுப் போயிருப்பார்கள். மஞ்சள்காமாலை என்றால் எங்கள் பக்கத்தில் ஆளாளுக்கு வைத்தியர். கீழாநெல்லியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார்கள், அரைத்துக் கொடுத்து அவன் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். கண்ணிமையை இழுத்துப் பார்த்து, பரவாயில்லை, மஞ்சள் இறங்கிவிட்டது என்று தங்களைத் தாங்களே பாராட்டிக்கொண்டார்கள். எண்ணெய் ஆகாது, உப்பு ஆகாது என்று கட்டளை வேறு. இல்லாத நோய்க்கு அண்ணன் கசப்பைக் குடித்தான், உப்பில்லாத மோர்ச்சோறு தின்றான். அவனுக்கு அதுவும் இதுவும் ஒன்றாகத்தான் இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். குளி என்றால் குளிப்பான், சாப்பிடு என்றால் சாப்பிடுவான்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் அவன் அறையில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுத வேண்டும் என்று உத்தரவு.

“உன்னை எனக்குக் காவலுக்கு வெச்சிருக்காங்க” என்றான் ஒருநாள், சுவரைப் பார்த்தபடியே.

இல்லை, நான் ஒழுங்காகக் கணக்குப் போடுகிறேனா என்று பார்க்க உன்னைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நான் சண்டைக்குப் போனேன். அவன் மறுக்கவில்லை. எழுந்து என் கணக்கைப் பார்த்து, ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டான்.

தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக்கு அம்மா ஒரு சட்டம் போட்டாள். உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும், பாட்டுக் கேட்டால் வெளியே இருப்பவர் கதவைத் தொடக் கூடாது. அம்மா மாரியம்மன் பாட்டு. நான் பள்ளிக்கூடப் பிரார்த்தனை. அண்ணன் பாட மாட்டான். வாளியைத் தட்டுவான், அது நிற்கக் கூடாது. நின்றால் அம்மா கரண்டியோடு ஓடிவருவாள். சிக்கல் அப்பாவுக்குத்தான். ரிக் வண்டிச் சத்தத்திலேயே காலம் போய்விட்டதால் அவருக்கு ஒரு பாட்டும் தெரியாது. அந்த வருஷம் ரிக்குக்குப் போகாமல், டாக்டரைப் பார்க்க அண்ணனோடு பஸ்ஸில் போய்வந்த பழக்கத்தில், “திருச்செங்கோடு, மல்லசமுத்திரம், ஆட்டையாம்பட்டி, சேலம்” என்று ராகம் போட்டு இழுப்பார். குளித்து முடிப்பதற்குள் பஸ் இரண்டு முறை சேலம் போய்த் திரும்பிவிடும். எனக்கு அந்தப் பயணங்கள்மேல் பொறாமையாக இருந்தது. காமாலைக்காரனைச் சேலம் கூட்டிப்போய்த் தட்டுவடை செட் வாங்கித் தருகிறார்கள், கணக்கில் நூறு வாங்கியவளுக்கு ஒன்றுமில்லை.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, ஒருநாள் மறுபடியும் ஒரு கட்டுக் கீழாநெல்லியோடு வந்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் கனைத்தாலே கூட்டம் அடங்கும். வெயிலில் வந்தது கசகசவென்று இருக்கிறது, ஒரு சொம்பு மேலுக்கு ஊற்றிக்கொள்கிறேன் என்று குளியலறைக்குப் போனார்.

“உள்ள போனா பாடோணுங்க, பெரியப்பா” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. மனுஷன் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தார் போலும். அந்த நேரம் பார்த்து, அவர் கொண்டுவந்ததை அரைத்து அம்மா கொடுத்த டம்ளரைக் காலி செய்துவிட்டு, வாய் கொப்பளிக்க அண்ணன் ஓடினான். பாட்டும் இல்லை, வாளிச் சத்தமும் இல்லை. கதவைத் தள்ளினான்.

பெரியப்பாவின் சத்தம் தெருமுனைவரை கேட்டது. அவர் வாளியைத் தூக்கி மறைத்துக்கொண்டாராம், வாளியில் தண்ணீர் இருந்ததை மறந்து. அண்ணன் வெளியே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து அம்மா ஓடிவந்தாள். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வழிய, மூச்சுவிட முடியாமல் சிரித்தான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெரியப்பா நனைந்த வேட்டியோடு வந்து, இந்த ஊட்டில் ஒரு கதவுக்குக்கூடத் தாப்பா இல்லையா என்று உறுமினார். துருப்பிடித்து என்று அம்மா தொடங்கினாள். அண்ணன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“எனக்குக் காமாலை இல்லீங்க, பெரியப்பா. மனசுதான் செரியில்லீங்க. செத்துப் போயரலாம்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. சேலத்துல டாக்டரம்மாகிட்ட மருந்து வாங்கறேன்.”

பெரியப்பா தலையைத் துவட்டுவதை நிறுத்தி அவனையே பார்த்தார். கடைசியில் துண்டை அவன் தோளில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அப்பறம் எதுக்குடா சாமி அந்தக் கருமத்த நாங் கொண்டாரக் கொண்டாரக் குடிச்சே?”

அன்று இரவு அண்ணனுக்கு உப்புப் போட்ட குழம்பு கிடைத்தது. அதற்குப் பிறகு பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசல்படி ஏறும்போதே பாட ஆரம்பித்துவிடுவார். இப்போது அண்ணனுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. பெரியப்பா வாளியைத் தூக்கிய விதத்தை அவன் நடித்துக் காட்டாத கல்யாணம் எங்கள் சொந்தத்தில் இல்லை.

சில மாதம் போய், டாக்டரம்மா சரி என்ற பிறகு, அப்பா தாழ்ப்பாள்களைத் திரும்ப மாட்டினார். அதுவரை கயிற்றால் கட்டிவைத்திருந்த ஆட்டுப்பட்டி, மாடி, சாமி அறை, குளியலறை. கடைசியாக அண்ணன் அறை வாசலில் வந்து நின்று, திருப்புளியை அவனிடமே நீட்டினார்.

“நீயே போட்டுக்க, சாமி.”

அண்ணன் அதை வாங்கி, கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“இன்னுங் கொஞ்ச நாளைக்கு இப்பிடியே இருக்கட்டுங்கப்பா.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. நாலு திருகாணி முடுக்கக்கூடச் சோம்பல், இவனைத்தான் வீடே தாங்குகிறது என்று நினைத்தேன். அப்பா திருப்புளியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனார். புதிதாக மாட்டிய தாழ்ப்பாளைப் போடுகிற சத்தம் கேட்டது. குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, உரக்கப் பாட ஆரம்பித்தார்.

தாழ்ப்பாள்தான் இருக்கிறதே, இன்னும் எதற்குப் பாடுகிறார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். நான் சேலம் வருவதற்காகக் காத்திருந்தேன். திருச்செங்கோடு, மல்லசமுத்திரம், மறுபடியும் மல்லசமுத்திரம். தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டே இருந்தது. அப்பாவின் பஸ் அன்றைக்கு ஏன் மல்லசமுத்திரத்தைத் தாண்டவே இல்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை.