ஒரு சிறப்புக் கருத்துக்காக

நண்பனின் சரக்கு இன்ஸ்பெக்‌ஷனில் தோற்றுப்போக வேண்டும் என்று நான் ஒருமுறை மாதா கோயிலில் பூசைக்குப் பணம் கொடுத்திருக்கிறேன். கோயில் அலுவலகத்தில் அதை அப்படியே எழுதச் சொல்ல முடியுமா? ‘ஒரு சிறப்புக் கருத்துக்காக’ என்று எழுதச் சொன்னேன். எங்கள் பங்குக் கோயிலில் பூசை தொடங்குமுன், யார் யார் எதற்காகப் பூசை கொடுத்தார்கள் என்ற எல்லாக் கருத்துகளையும் உபதேசியார் மைக்கில் வாசித்துவிடுவார். இன்னாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்னாருக்குக் குழந்தை பிறந்ததற்கு நன்றியாக. என் பெயரும் சிறப்புக் கருத்தும் வந்தபோது முன்பெஞ்சு அம்மா ஒருவர் திரும்பி என்னைப் பரிவோடு பார்த்தார். ஏதோ ஆபரேஷன் என்று நினைத்திருப்பார்.

நண்பன் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்தவன். நான் பொங்கலூர்ப் பக்கத்தான், தலைமுறை தலைமுறையாக வேதக்காரன். அருள்புரத்தில் ஒரே கம்பெனியில் எனக்குக் கட்டிங் சூப்பர்வைசர் வேலை, அவனுக்குத் தையல் செக்‌ஷன். மதியச் சாப்பாடு ஒன்றாக, ஞாயிறு பூசை ஒரே பெஞ்சில். ஏற்றுமதிக் கோட்டா ஒழிந்து, ஊரெல்லாம் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த காலம். பக்கத்தில் ஒரு பெரிய கம்பெனி புரொடக்‌ஷன் மேனேஜர் தேடுவதாக எனக்குத் துப்புக் கிடைத்தது. நான் விண்ணப்பம் எழுதினேன்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. நாலு புத்தகம் படித்தவன் என்ற திமிரில் மூன்று நாள் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதினேன். துணியை நான் வெட்டுவதில்லை, அதோடு கலந்து பேசி முடிவெடுக்கிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம்கூட இருந்தது. இப்படி எழுதிவிட்டு யாரிடமும் காட்டாமல் இருக்க நான் என்ன துறவியா? நண்பனிடம் காட்டினேன்.

“அண்ணாச்சி, இது லெட்டரா? ஃபிரேம் போட்டுல்லா மாட்டணும்,” என்றான். “எனக்கு ஒரு காப்பி குடுங்க. பின்னால மாடலுக்கு வச்சுக்கிடுதேன்.”

நானே போய் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். பின்னால் என்பது மறுநாள் காலை என்று அவன் சொல்லவில்லை.

அதற்கும் அடுத்த நாள் நான் அந்தப் பெரிய கம்பெனிக்குப் போனபோது அதன் முதலாளி என் கடிதத்தைப் படித்துவிட்டு, மேசை டிராயரிலிருந்து இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“ஏனுங்க, நேத்தும் ஒருத்தர் வந்தாருங்க. அவரும் துணியோட பேசறவருங்களாமா. ரெண்டு பேருத்துல ஆருங்க பார்த்து எழுதுனது?”

“நான் எழுதுனதுங்க அது.”

“அவரும் அப்படித்தானுங்க சொன்னாரு. முந்தி வந்தவரு வேற.”

டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார். நல்ல டீ என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த ஞாயிறு உபதேசியார் வாசித்தார்: புதிய பணி கிடைத்ததற்கு நன்றியாக, நண்பனும் குடும்பத்தினரும். அவர்கள் முதல் பெஞ்சுக்குப் போயிருந்தார்கள். பூசை முடிந்ததும் ஆளாளுக்கு வந்து, “உங்க கூட்டாளிக்குப் பெரிய வேலைங்களாமா,” என்று எனக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நானும் வாங்கிக்கொண்டேன். அவனுக்குப் பதிலாக நான் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

அன்றிலிருந்து நான் பூசையில் சாமியார் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை, எங்கள் பேச்சில் நன்மையை, வாங்கவில்லை. நெஞ்சில் பகையை வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் படித்தது மட்டும் மறக்கவில்லை. வரிசை நகரும்போது காலை ஒடுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டு உட்கார்ந்திருப்பேன். மனைவி பார்ப்பாள், கேட்கமாட்டாள். அவன் ஏமாற்றினான் என்பதை நாலு பேரிடம் சொல்லலாம், சொன்னேன். அவனுடைய கம்பெனிக் கார், ஏசி அறை, ஏன், அவன் புதுச் சட்டையின் கஞ்சி மொடமொடப்பு வரைக்கும் எனக்கு வயிறெரிந்ததை யாரிடம் சொல்ல? துரோகம் என்று எழுதிய அட்டைப்பெட்டிக்குள் பொறாமையை மடித்துப் பேக் செய்து வைத்திருந்தேன். அந்தப் பெட்டியோடுதான் சிறப்புக் கருத்துக்குப் போனேன்.

பூசை பலித்தது. காலருக்கும் உடம்புக்கும் நிறம் சேரவில்லை என்று அவனுடைய முதல் பெரிய ஆர்டர் மொத்தமும் திரும்பியது. சந்தோஷம் அரை நாள் இருந்தது. அடுத்த ஞாயிறு கோயிலில் பெண்கள் பக்கம் பாதி காலி. அந்தக் கம்பெனியின் செக்கிங்கில் நின்றவர்களில் பலர் எங்கள் பங்குப் பெண்கள். ஒவ்வொரு பீஸாகப் பிரித்துப் பார்க்க மூன்று ஞாயிறு அவர்களை வரவழைத்துவிட்டார்கள். “காலு ரெண்டும் வீங்கிப் போச்சுங்கக்கா,” என்று ஒரு பெண் என் மனைவியிடம் சொன்னபோது நான் செருப்பைத் தேடுகிறவன்போல் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார்.

“சரக்கு நெசமாவே திரும்பிருச்சா?”

“திரும்பிருச்சுங்க சாமி.”

“உங்க பூசையாலன்னு நெனைக்கறீங்களா?”

மெதுவாகத் தலையாட்டினேன்.

“சாயப் பட்டறைக்காரன் செஞ்ச தப்புக்கு ஆண்டவர்கிட்ட பங்கு கேக்கறீங்க. பொறாமையைச் சொன்னீங்க, இந்தப் பெருமையைச் சொல்லலையே. இதையும் சேர்த்துக்கங்க.”

பிராயச்சித்தம்: தினமும் அவனுக்காக ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம். மாதக் கடைசியில், அவனுக்கு வேலை கிடைத்ததற்கு நன்றியாக என் பெயரில் வெளிப்படையாக ஒரு பூசை. அந்தப் பூசையில் நன்மை வாங்க வேண்டும்.

“மனசார வர்றப்பக் கொடுக்கறனுங்க சாமி.”

“மனசு வர்றப்ப வரட்டும். நீங்க முதல்ல கொடுங்க.”

முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். மாதா அதை எப்படிக் கேட்டாளோ. மூன்றாவது வாரம் ஒரு காலை பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன், அவன் கார் கடந்துபோகிறது. அது போய் வெகுநேரம் கழித்துத்தான், இன்றைக்கு டிபன் பாக்ஸில் என்ன என்று மட்டுமே நான் யோசித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. தக்காளிச் சாதம். எனக்குப் பிடித்தது. எந்த மேனேஜருக்கும் அதைவிட நல்லது அன்று கிடைத்திருக்காது என்று இப்போதும் நம்புகிறேன்.

மாதக் கடைசியில் கோயில் அலுவலகத்தில் உபதேசியார் பேனாவை நிறுத்தினார். “நன்றியாங்களா?”

“நன்றிதானுங்க.”

“அவருக்கா? நீங்களா?”

“எழுதுங்க.”

ஞாயிறு காலை என் பெயரும் அவன் பெயரும் ஒரே வரியில் மைக்கில் ஒலித்தபோது எனக்குக் காது சுட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பூசையின் நடுவே எல்லாரும் அக்கம்பக்கத்தாருக்குக் கைகூப்பிச் சமாதானம் சொல்லும் நேரத்தில்தான் பார்த்தேன். நாலு பெஞ்சு தள்ளி நின்றிருந்தான். என்னைப் பார்த்துக் கைகூப்பினான். அந்தப் பார்வையில் வருத்தம், வெட்கம், நன்றி எல்லாம் இருந்ததாக எனக்குப் பட்டது. நானும் கைகூப்பினேன். வரிசையில் போய் நன்மை வாங்கினேன். கடிதத்தைப் பற்றி அவன் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதன்பிறகும் சொல்லவில்லை. அந்த இடம் இன்றும் தொட்டால் வலிக்கும். ஆனால் அவனிடம் இருப்பது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தப் பசி நின்றிருந்தது.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது மனைவியிடம் சொன்னேன், “பார்த்தயா, என்ன மாதிரிக் கைகூப்பினான்னு. பேரு வாசிச்சது மனசுல தச்சிருச்சாட்ட இருக்குது.”

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“பேரு வாசிக்கறப்ப அவிய கோயிலுக்கே வரலீங்க. பூசை ஆரம்பிச்சு ரெண்டாம் வாசகத்துக்குத்தான் உள்ள வந்தாங்க.”