ஃபிலோமின் அக்காவின் காது

ஃபிலோமின் அக்கா போய்விட்டார். நெல்லித்தோப்பு வீட்டில், தூக்கத்திலேயே... காலையில் அவர் தம்பி மகன் போன் செய்தான்.

முதலியார்பேட்டையில் ஊதுபத்தி ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனியில் அவர் பேக்கிங் சூப்பர்வைசர், நான் கிளார்க். எண்பதுகளின் கடைசி. எனக்கு அது முதல் வேலை... ஊர்வம்பு பேசுவதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் அக்கா படித்தது முழுக்க பிரெஞ்சில். பாரிஸிலிருந்து புகார்க் கடிதம் வந்தால் படித்துவிட்டுத் தனியாகச் சிரிப்பார், பிறகு உட்கார்ந்து பதில் டைப் அடிப்பார். அதற்கப்புறம் அந்த ஆளிடமிருந்து புகாரே வராது. என்னதான் எழுதுவாரோ!

ஆனால் இங்கிலீஷ்... ம்ஹூம்.

பழைய மேனேஜர் காலத்தில் அது ஒரு விஷயமே இல்லை. பிறகு கல்கத்தாவிலிருந்து புது மேனேஜர் வந்தார். தமிழும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது.

இங்கிலீஷ் வராதவர்களுக்கு மூளையும் வராது என்பது அவர் கட்சி. வந்த வேகத்தில் ஸ்டோர்கீப்பரை அதே காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பினார்.

நான் தப்பித்தேன். என் இங்கிலீஷ் அத்தனையும் தப்பு, ஆனால் நல்ல வேகம். நான் பேசி முடித்ததும் "குட், குட்" என்பார். என்ன புரிந்ததோ, பாவம்.

அக்காவுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. அவர் சம்பளத்தில்தான் அம்மாவின் மருந்து, தம்பியின் படிப்பு எல்லாம். "அடுத்து நான்தான்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மேனேஜர் அவர் மேஜைக்கே வந்து ஏதோ கேட்டார். அக்கா விழித்தார். மேனேஜர் சத்தமாகக் கேட்டார். இன்னும் சத்தமாக... கடைசியில் தன் காதைத் தொட்டுக் காட்டி, முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு என்னவோ விசாரித்தார்.

அக்கா தலையாட்டிவிட்டார். அவ்வளவுதான்.

மத்தியானம் சாப்பிடும்போது நான் விடவில்லை. ஸ்டோர் ரூமில் நான் குசுகுசுவென்று பேசுவதே இவருக்கு இங்கே கேட்கும். இவருக்கா காது கேட்காது?

"தமிழுக்குக் கேக்குது தம்பி. இங்கிலீஷுக்குத்தான் கேக்கல. வாய மூடிக்கினு சாப்புடு."

மறுநாளிலிருந்து மேனேஜர் அவருக்கு எல்லாவற்றையும் பெரிய பெரிய எழுத்தில் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். அக்கா நிதானமாகப் படிப்பார். பாதி வார்த்தைகள் பிரெஞ்சுக்குச் சொந்தக்காரர்கள்தான் என்பார். மீதியை யூகித்துக்கொள்வார். வேலை சுத்தமாக முடிந்திருக்கும்.

அதே மனிதர், அதே இங்கிலீஷ். வாயிலிருந்து வந்தால் பிடிபடவில்லை, காகிதத்தில் வந்தால் பிடிபடுகிறது. எப்படி என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன்.

அதைவிட அதிசயம் ஒன்று உண்டு. காது கேட்காது என்று ஆனதும்தான் அக்காவுக்கு மூளை இருப்பது மேனேஜருக்குத் தெரிந்தது! வருகிறவர்களிடமெல்லாம் அவரைப் புகழ்ந்தார்.

வினை அங்கேதான் வந்தது. மனிதர் நல்லவர் ஆகிவிட்டார். மெட்ராஸில் பெரிய காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டார். சனிக்கிழமை கம்பெனி ஜீப், கம்பெனி செலவு. துணைக்கு, இங்கிலீஷ் தெரிந்தவன் என்பதால்... நான்.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டர் உண்மையைச் சொல்லிவிட்டால் இங்கிலீஷ் தெரியாதவள் என்பதோடு ஏமாற்றுக்காரி என்றும் ஆகும். வேலை போகும்.

அதற்கு முன்னால் நாமே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு, சாயங்காலம் மேனேஜரின் கண்ணாடி ரூமுக்குள் போனார். நான் கதவோரம் ஃபைல் தேடினேன்.

"சார்... இயர் குட். இங்கிலீஷ் ஸ்மால்."

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். கம்பெனிக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று இந்த அம்மா மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியது. "பிரேவ் லேடி! பிரேவ் லேடி!"

அக்கா வெளியே வந்து என்னைப் பார்த்தார். "காலையில ஜீப் வந்துடுமாம்."

மெட்ராஸ் வரைக்கும் அக்கா கையில் ஜெபமாலை உருண்டது. டாக்டர் முன்னால் நான் தயார் செய்து வைத்திருந்த இங்கிலீஷை அவிழ்த்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்க தம்பி, நானும் திண்டிவனம்தான்" என்றார்.

சோதித்துப் பார்த்தார். "இந்தக் காதுக்கு இன்னாம்மா கொறை?" என்று கேட்டதும் அக்கா உடைந்து அழுது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "சீமைக்குப் படிக்கப் போனப்போ நானும் இப்படித்தாம்மா தலையாட்டிக்கினு இருந்தேன்."

பிறகு மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தார். நோயின் பெயர் எதுவும் இல்லை. முகம் பார்த்துப் பேசவும், நிறுத்தி நிதானமாகப் பேசவும், கத்தக் கூடாது... அவ்வளவுதான்.

இதையே அக்கா கேட்டிருந்தால் ஸ்டோர்கீப்பர் போன வழிதான். டாக்டர் சொன்னதால் மேனேஜர் மருந்து சாப்பிடுகிற மாதிரிக் கடைப்பிடித்தார். எங்கள் எல்லோரிடமும் நிதானமாகப் பேசினார். கேட்பதையும் நிதானமாகவே கேட்க ஆரம்பித்ததில் என் இங்கிலீஷின் லட்சணம் வெளிப்பட்டுப்போனது. அது வேறு கதை.

கொஞ்சம் கொஞ்சமாக அக்கா அவருக்கு வாயாலேயே பதில் சொல்லத் தொடங்கினார். சீட்டு நின்றுபோனது. மெட்ராஸ் டாக்டர் கைராசிக்காரர் என்று மேனேஜர் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு நாக்கு அரித்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடு தம்பி. அவரு கொணமாக்குனதாவே இருக்கட்டும். அவரு ரிட்டயர் ஆனாலும் சொல்லாத. நான் போனப்புறம் வேணா சொல்லிக்கோ."

சொல்லிவிட்டேன் அக்கா. இத்தனை வருஷம் ஒரு ஆளிடமும் மூச்சு விடவில்லை... என்னைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று.

போய் வாருங்கள்.