கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து வந்த கேள்விகள்

போன வருடம் கோடை தொடக்கத்தில், எங்கள் கேஜிஎஃப்பில், அதாவது கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் ஒரு தனியார் நிறுவனம் கிளை திறந்தது. கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விடியும் முன்னே பெங்களூரு ரயிலைப் பிடித்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள் நான். என் மகள் விழித்திருப்பதை ஞாயிற்றுக்கிழமைதான் பார்ப்பேன். உள்ளூரிலேயே வேலை என்றால் சும்மாவா?

கம்ப்யூட்டர் படித்த என் தம்பி, "அக்கா, இப்பல்லாம் வெறும் பயோடேட்டா குடுத்தா எவனும் பாக்கறதில்ல" என்று சொல்லி, என்னைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லும் ஒரு ஏஐ சாட்பாட்டைச் செய்து கொடுத்தான். என் படிப்பு, அனுபவம், வீடு, புத்த விகாரில் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் ஞாயிறு வகுப்பு எல்லாவற்றையும் அதற்குச் சொல்லி வைத்தோம். யார் கேள்வி கேட்டாலும், கேள்வியும் பதிலும் என் செல்போனுக்கும் வந்துவிடும். நடுவில் புகுந்து நானே பதில் தட்டவும் முடியும். விண்ணப்பத்தோடு அதன் லிங்க்கையும் அந்த நிறுவனத்துக்கு அனுப்பினோம்.

இன்டர்வியூ அன்று வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். என் போன் அதிர்ந்தது. ஜிஎஸ்டி கணக்கு தெரியுமா? நன்றாகத் தெரியும் என்றது சாட்பாட். எனக்கு ஒரே பெருமை. அடுத்து, வீடு எந்த லைன்? சுரங்கக் காலத்துக் குடியிருப்புகளை நாங்கள் லைன் என்போம். அதை வைத்தே ஆளை எடை போடுகிறவர்கள் உண்டு. ஸ்கெலட்டன் லைன் பக்கம் என்றது. அப்புறம் வந்தது, என்ன சாதி?

"தகவல் இல்லை. ஆனால் புத்த விகாரில் வகுப்பு எடுப்பதால் பௌத்தக் குடும்பமாக இருக்கலாம்" என்று பல்லிளித்தது என் சாட்பாட். எங்கள் ஊரில் பௌத்தர் என்றாலே தலித் என்று புரிந்துகொள்வார்கள்; சாதியைச் சொன்ன மாதிரிதான். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்ற கேள்விக்கோ, அவர் மிகுந்த ஈடுபாட்டுடன் உழைப்பவர் என்று குழைந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. அட தண்டமே, என் பெயரில் பேசுகிற உனக்கு என் ரோஷத்தில் துளியாவது வேண்டாமா!

நானே தட்டினேன். "சார், நான் வெளியே சோபாவுலதான் இருக்கேன். உள்ள கூப்பிட்டு என்னையே கேளுங்க."

அவர் தலை சட்டென்று நிமிர்ந்தது. முகம் வெளுத்துவிட்டது. கூப்பிடக் காத்திருக்காமல் உள்ளே போய் அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"அது... எல்லாரையும் கேக்கறதுதான்மா" என்று இழுத்தார்.

"சரி சார், இப்ப கேளுங்க. இன்னா சாதின்னு கேளுங்க. எதிர்லயேதான ஒக்காந்துகினு கீறேன்?"

கேட்கவில்லை. ஜிஎஸ்டி பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். சொல்லி அனுப்பவே இல்லை.

"கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்கலாம்ல அக்கா?" என்றான் தம்பி. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "போடா, உள்ளூர் வேலைன்னா இதுக்கெல்லாம் பல்லக் காட்டணுமா இன்னா?" என்றேன். அன்றைக்கே சாட்பாட்டை மாற்ற வைத்தேன். சாதி, பிள்ளைப்பேறு என்று யார் ஆரம்பித்தாலும் இப்போது அது என் போன் நம்பரைக் கொடுத்து, நேராக அவரிடமே கேளுங்கள் என்கிறது.

இன்னும் ரயிலில்தான் போய்வருகிறேன். மகள் தூங்கிய பிறகுதான் வீடு சேர்கிறேன், வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பிறகு நான் விண்ணப்பித்த வேறு இடங்களில் சாட்பாட்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட நாலைந்து பேரில் ஒருவர்கூட எனக்குப் போன் செய்யவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம், அன்று கூச வேண்டியவள் நானில்லை என்று தலை நிமிர்ந்துதான் நடக்கிறேன்.