பீரோ அக்காவும் குளவிப் படமும்

கல்லூரியில் இப்போது அவளுக்குப் பீரோ அக்கா என்று பெயர். ஆள் பீரோ மாதிரி இருப்பாளோ என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒடிசலான உடம்பு, காற்றடித்தால் கொடியில் காயும் துணியோடு சேர்ந்து ஆடுவாள். பெயர் வந்த கதை வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு டம்ளரிலிருந்து தொடங்க வேண்டும்.

அவளுடைய மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டம் பிதுங்கும் பஸ்ஸில் முன்படியில் நின்று கத்தினால் கடைசி சீட்டுக்காரன் தூக்கம் கலைந்து எழுந்துவிடுவான், அப்படி ஒரு தொண்டை. அந்தத் தொண்டையையும் வலது பக்கத்தையும் பக்கவாதம் ஒரே நாளில் வாரிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது இடது கையும், அதில் ஒரு எவர்சில்வர் டம்ளரும், பக்கத்தில் கட்டிலின் இரும்புக் கம்பியும்தான். கண்டக்டர் புத்தி எங்கே போகும்? பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ. வீட்டிலும் அதே சட்டம். ஒரு தட்டு விழுந்தால் எந்த வேலையில் இருந்தாலும் போட்டது போட்டபடி வர வேண்டும். தண்ணீர் குடித்து, புரண்டு படுத்து, ஆக வேண்டியது ஆனதும் இரண்டு தட்டு. ரைட், போகலாம். இரண்டு தட்டு விழாமல் அவள் நகர்ந்தால் மறுபடி ஒரு தட்டு விழும், இந்த முறை இன்னும் ஓங்கி. அதனால் ரைட் வரும் வரை நிற்கப் பழகியிருந்தாள்.

புருஷனுக்கு மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை. வாரத்தில் பாதி நாள் வெளியூர். கெட்டவன் என்று சொல்ல முடியாது, வரும்போதெல்லாம் அப்பாவுக்குப் பழம் வாங்கி வருவான். ஆனால் அவன் வாயில் ஒரு வாக்கியம் குடியிருந்தது: "நீ வீட்லதானே இருக்க, உனக்கென்ன கஷ்டம்?" இதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குக் கையில் இருப்பதைத் தூக்கி எறியலாம் போல வரும். கையில் எப்போதும் ஏதாவது நிரம்பிய பாத்திரம் இருந்ததால் எறியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பாதியில் விட்ட படிப்பை, மகள் மேல் வகுப்புக்குப் போனதும் மறுபடி பிடித்தாள். படம் எடுக்கக் கற்றுத் தரும் பட்டயப் படிப்பு, வாரத்தில் இரண்டே நாள் வகுப்பு. அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து மாமனாரைப் பார்த்துக்கொள்வாள். எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். காட்டுயிர் பற்றி ஒரு குறும்படம், குழுவாகச் செய்ய வேண்டியது, அதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. போன வருஷம் ஏரிக்குப் போய்க் கொக்கு எடுக்கக் கிளம்பிய அன்று, அப்போது சுவரைப் பிடித்துக் கொஞ்சம் நடந்துகொண்டிருந்த மாமனார் குளியலறையில் விழுந்தார். குழு அவள் பெயர் இல்லாமலே படத்தைக் கொடுத்துவிட்டது. இன்னொரு முறை தவறினால் படிப்பே போச்சு. "இந்தத் தடவையோட பாரு, இல்லன்னா மூட்டை கட்டி வச்சிடு," என்றான் புருஷன், சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே.

இந்த வருஷம் அவளைச் சேர்த்துக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்தி எப்போதும் தொப்பியோடு திரிகிற பெண், எல்லோரையும் விரட்டுவதால் டைரக்டர். இன்னொருத்தன் சொந்தமாக ட்ரோன் வைத்திருப்பவன், அதனால் ட்ரோன். மற்ற குழுக்கள் வேண்டாம் என்று கழித்துவிட்ட மூன்று பேர் ஒன்று சேர்ந்தார்கள் என்றும் சொல்லலாம்.

"காட்டுக்கு வர முடியாதுன்னா எப்படிக்கா? வீட்டுக்குள்ள பல்லியதான் எடுக்கணும்," என்று டைரக்டர் போனில் முகத்தைச் சுளித்தாள். போனில் முகம் தெரியாது, ஆனால் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு தட்டு. ஓடினாள். மாமனாருக்குத் தண்ணீர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். டம்ளர் பிடித்த கையால் ஜன்னலின் மேல்மூலையைக் காட்டினார். வாயில் மண்ணுருண்டையோடு ஒரு குளவி வந்து உட்கார்ந்து, ரீங்காரம் போட்டுக்கொண்டே கூட்டுக்கு மண் பூசிக்கொண்டிருந்தது. அவள் போனை அதன் பக்கம் நீட்டினாள். மறுமுனையில் டைரக்டர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அக்கா, அதத் தொடாதீங்க. யாரையும் தொட விடாதீங்க. வர்றோம்," என்றாள்.

அடுத்த ஒரு வாரம் அந்த அறை கல்யாண வீடு. ட்ரோன் முதல் நாளே ட்ரோனைப் பறக்கவிட்டுத் திரைச்சீலையைக் கிழித்தான். கொசுவை அடிக்கக் கோடாலியா என்று டைரக்டர் அதைப் பிடுங்கிப் பையில் போட்டாள். மாமனாருக்குத்தான் உடம்பில் புது ரத்தம் ஊறியது. வெளிச்சம் திருப்ப ஒரு தெர்மாகோல் அட்டையை இடது கையில் கொடுத்தார்கள், மணிக்கணக்காகப் பிடித்தார். குளவி வருவது எல்லோருக்கும் முன்னால் அவர் கண்ணுக்குத் தெரியும். தெரிந்ததும் அட்டையை மார்பில் சாய்த்துவிட்டு, டம்ளரை எடுத்து டங் என்று ஒரு தட்டு. "தாத்தா தான் நம்ம அசிஸ்டென்ட் டைரக்டர்," என்றான் ட்ரோன்.

"எல்லாம் சரி, எல்லா சவுண்ட்லயும் டங்கு டங்குனு விழுதே," என்றாள் டைரக்டர். "குளவி கொத்தனார்தான், ஒத்துக்கிறேன். அதுக்காகக் கரண்டியுமா தட்டும்?"

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று சொல்வார்களே, அந்தப் பழமொழியில் படத்தைத் தொடங்கி, அது பொய் என்று காட்டுவது டைரக்டரின் திட்டம். அதற்காகக் கூட்டில் குளவி மண் பூசி மூடிய அறை ஒன்றை ஊசியால் திறந்தார்கள். உள்ளே சின்னச் சின்னச் சிலந்திகள், மூட்டை அடுக்கியது போல நெருக்கமாக.

"ஐயோ, செத்துக் கெடக்கு."

அக்கா தூரிகை நுனியால் ஒன்றைத் தொட்டாள். ஒரு கால் மெல்ல மடங்கியது. "சாகல. உசுரு இருக்கு. அசைய முடியல, அவ்வளவுதான்."

ட்ரோன் அதைக் கேமராத் திரையில் மாமனாருக்குக் காட்டினான். ரொம்ப நேரம் பார்த்தார். "போதுமா தாத்தா?" என்று கேட்டதற்கு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கண் கூசியிருக்கும் என்று நினைத்தார்கள்.

படம் முடிந்தது, கொடுத்தார்கள். கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று காலையில் ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: படம் நன்றாக இருக்கிறது, பின்னணிக் குரல்தான் ரயில் வருகை அறிவிப்பு மாதிரி இருக்கிறது, சாயங்காலம் ஐந்து மணிக்குள் மாற்றிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வேன், இல்லாவிட்டால் மூன்று பேரும் அடுத்த வருஷம் வாருங்கள். அடுத்த வருஷம் என்பது மற்ற இரண்டு பேருக்கும் அடுத்த வருஷம். அவளுக்கு அப்படி ஒன்று கிடையாது.

"அக்கா, உங்க குரல்தான் சரி. நீங்க படிச்சு அனுப்புங்க, நாங்க இங்க ஒட்டிக்கிறோம்," என்று டைரக்டர் எழுதியதை அனுப்பினாள். "பீரோவுக்குள்ள துணிகளுக்கு நடுவுல உக்காந்து படிங்க. வெளிச் சத்தம் வராது."

புருஷன் வெளியூரில், மகள் பள்ளிக்கூடத்தில். பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கும் இயந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. மாமனாரின் அறைக்கு அடுத்த அறையில் பழைய மரப் பீரோ ஒன்று உண்டு, இரண்டு பேர் ஒளிந்து விளையாடலாம். கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டு, புடவைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். பூச்சி உருண்டை வாடை. போன் வெளிச்சத்தில் தாள்.

"குளவி கொட்டுவது கொல்வதற்கு அல்ல. சிலந்தி அசையாது. ஆனால் சாகவில்லை..."

டங்.

எழுந்தாள். தண்ணீர் கொடுத்தாள். இரண்டு தட்டு. மறுபடி பீரோ.

"...ஆனால் சாகவில்லை. பிறக்கப்போகும் புழுவுக்குக் கெட்டுப்போகாத சாப்பாடாக..."

டங்.

தலையணை நழுவியிருந்தது. சரி செய்தாள். இரண்டு தட்டு. பீரோ. அடுத்த முறை மின்விசிறியைக் குறைக்க. அதற்கடுத்த முறை எதற்கென்றே தெரியவில்லை, சும்மா அவள் முகத்தைப் பார்த்தார். வீட்டில் ஆள் இருக்கிற அரவமே இல்லாமல், சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். அது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. மதியச் சாப்பாடு போய், மணி மூன்றும் தாண்டிவிட்டது. ஒரு தடவைகூட முழுதாகப் படித்து முடிக்கவில்லை.

இன்னொரு டங் விழுந்தபோது பீரோவுக்குள்ளேயே நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கடவுளே, இந்தச் சத்தம் ஒரு அரை மணி நேரம் நிக்காதா? நான் என்ன பாவம் பண்ணேன்!" மெல்லத்தான் சொன்னதாக நினைத்தாள். போகவில்லை. முதல் முறையாக, தட்டு விழுந்தும் போகவில்லை. தாளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள், இரண்டாவது ஓங்கின தட்டுக்காக.

வரவில்லை.

படிக்கத் தொடங்கினாள். "சிலந்தி அசையாது. ஆனால் சாகவில்லை. பிறக்கப்போகும் புழுவுக்குக் கெட்டுப்போகாத சாப்பாடாக, இருட்டில், உயிரோடு கிடக்கும். எப்போது முடியும் என்று காத்துக் கிடப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை." குரல் அவளுக்கே நன்றாக இருந்தது. டைரக்டர் எழுதிய வரியா இது, தான் எழுதியதா என்று ஒரு நிமிஷம் குழம்பினாள். ஒரு இருமல் இல்லை, ஒரு தட்டு இல்லை. கடைசி வரி வரை போய், பதிவை நிறுத்தி, இன்னும் ஒரு தடவை, அதற்கும் மேல் ஒரு தடவை, பேராசையோடு படித்தாள். சந்தோஷத்தில் கண்ணில் நீர் கட்டியது. கதவைத் திறந்தபோது கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன.

போனைப் பீரோவிலேயே வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே பக்கத்து அறைக்குப் போனாள்.

மாமனார் படுக்கையை நனைத்திருந்தார். போர்வை, விரிப்பு, வேட்டி எல்லாம் ஈரம், ஈரம் ஆறிச் சில்லிட்டும் போயிருந்தது. டம்ளர் கையில் இல்லை. துண்டில் சுற்றி மார்போடு அணைத்து வைத்திருந்தார், தவறிப்போய்க்கூடக் கம்பியில் பட்டுவிடக் கூடாது என்று. கண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாமா, ஏன் மாமா தட்டல?"

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே விடை தெரிந்துவிட்டது. அவள் அத்தனை தடவை படித்ததும் சுவர் வழியாக இங்கே கேட்டிருக்கிறது. அசையாது. சாகவில்லை. காத்துக் கிடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அப்புறம் அந்தக் "கடவுளே, இந்தச் சத்தம் நிக்காதா"வும்.

துடைத்தாள், மாற்றினாள், புரட்டிப் போட்டுப் புது விரிப்பு விரித்தாள். அவர் ஒத்துழைத்தார், ஆனால் பார்க்கவில்லை. பீரோவுக்குள் போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. துண்டைப் பிரித்து டம்ளரை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு நின்றாள்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு மாமா. ரைட் குடுங்க."

கை டம்ளரோடு அப்படியே கிடந்தது.

"மாமா, போன் அடிக்குது. நான் போகணும். ரைட் குடுங்க மாமா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போன் ஓயாமல் அடித்தது. ரைட் வராமல் அந்த அறையை விட்டு அவள் நகர்ந்தது அன்றுதான் முதல் தடவை. பீரோவுக்குள் குனிந்து பதிவை அனுப்பினாள்.

மூன்று பேரும் தேறினார்கள், நல்ல மதிப்பெண். திரையிட்ட அன்று ஆசிரியர், "இந்தக் குரல எந்த ஸ்டுடியோல எடுத்தீங்க? பின்னால ஒரு சின்னச் சத்தம்கூட இல்லையே," என்று கேட்டார். "பீரோ ஸ்டுடியோ சார்," என்று ட்ரோன் கத்தினான். வகுப்பே சிரித்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்தாள். சத்தம் இல்லாமல் போன கதையை யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் மாமனாருக்கும் படத்தைப் போட்டுக் காட்டினாள். உதவி இயக்கம், கண்டக்டர் தாத்தா என்று எழுத்து வந்தபோது விரலால் காட்டினாள். சிலந்தி வந்தபோது அவர் முகத்தைத் திருப்பவில்லை, நேராகப் பார்த்தார். "அது சிலந்தியப் பத்தி மாமா. சத்தியமா உங்களப் பத்தி இல்ல," என்றாள். அது உண்மைதான். பீரோவுக்குள் உட்கார்ந்து அந்த வரிகளைப் படித்தபோது அவள் நினைத்ததெல்லாம் தன்னைத்தான். குரல் அதனால்தான் அவ்வளவு நன்றாக வந்தது. அதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது?

படம் பார்த்து இரண்டு நாள் கழித்து ஒற்றைத் தட்டு திரும்ப வந்தது, பழையபடி இல்லை, கதவைத் தட்டும் விருந்தாளி போல மெல்ல. ரைட் மட்டும் வரவில்லை. வாரங்கள் போயின. ஜன்னல் மூலையில் கூட்டைத் துளைத்துக்கொண்டு புதுக் குளவிகள் வெளியே வந்து பறந்து போயின. டைரக்டர் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டாள், மலைக்கு, நாலு நாள். "நீங்க போயிட்டு வாங்கப்பா," என்றாள் அக்கா.

நேற்று புருஷன் ஊரிலிருந்து வந்தவன், அப்பாவின் அறை வாசலில் நின்று பார்த்தான். தண்ணீர் கொடுத்தாகிவிட்டது, வாய் துடைத்தாகிவிட்டது. அவள் கட்டில் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தாள்.

"வேலதான் முடிஞ்சிருச்சே, ஏன் அங்கயே நிக்கிற?"

"இன்னும் ரைட் வரலங்க," என்றாள்.

அவன் சிரித்துவிட்டு, பழப் பையை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.