ஆல்ட் பொத்தானும் என் ஸ்டூலும்

அண்ணன் இருந்தான், கம்ப்யூட்டருக்கு நேராக. முதலாளி இருந்தார், பிரிண்டர் மேல் கையை ஊன்றிக்கொண்டு. வாலாஜாபாத்திலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவர் இருந்தார். அண்ணனுக்கு வலது பக்கம், ஸ்டூலில் நான். வேறு யாரும் இல்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டிடிபி கடை அது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் அடிக்கிற இடம். பத்திரிகைக்குத் தனியாக ஒரு மிஷின் உண்டு. இரண்டாயிரம் பிறந்த புதிது. சின்ன காஞ்சிபுரத்துப் பெரியவர் ஒருவர், ரிடையரான வாத்தியார், கையால் எழுதிய ஒரு புத்தகம் கொடுத்திருந்தார். சமஸ்கிருத ஸ்தோத்திரங்களை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகள் படிப்பதற்கு. சாதா இங்கிலீஷ் எழுத்து போதாது. a மேல் கோடு, s கீழே புள்ளி, n மேல் ஒரு நெளி. அதற்கெல்லாம் கீபோர்டில் பொத்தான் கிடையாது. ஆல்ட்டை அமுக்கிக்கொண்டு ஓரத்து நம்பரில் நான்கு எண் தட்டினால்தான் வரும்.

அண்ணன் டைப்ரைட்டிங் பாஸ். தாளைப் பார்த்தே அடிப்பான், ஸ்க்ரீனைப் பார்க்க மாட்டான். எண்ணுக்குக் கையை எடுத்தால் வேகம் போய்விடும். அதனால் என்னைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தான்.

எங்களுக்கு அது புதிதில்லை, பட்டுத்தறியில் நெய்தவர்கள். சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். உடலுக்கு நூல் ஓடுகிற நாடாவை அவன் போடுவான், வலது கரைக்கு நான் போடுவேன். இங்கேயும் அப்படியே உட்கார்ந்தோம். சாதா எழுத்து அவன். கோடோ புள்ளியோ வந்தால் நிறுத்துவான். நான் தட்டுவேன். அவன் போவான். பேச்சு கிடையாது.

நான் படித்தது ஐந்தாவது. அந்த ஸ்டூல் இல்லையென்றால் எனக்கு அண்ணி வீட்டு மூலைதான்.

ஒரு மிஷினுக்கு இரண்டு பேரா என்று வருகிறவர்கள் சிரிக்கிறார்கள் என்றார் முதலாளி. அன்றைக்கு வந்த ரிப்பேர்காரரிடம் ஒரு புரோகிராம் இருந்தது. எந்தப் பொத்தானில் எந்த எழுத்து வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். வலது ஆல்ட்டோடு a தட்டினால் கோடு வைத்த a வரும். எது எது அடிக்கடி வருகிறது என்று என்னைத்தான் கேட்டார். சொன்னேன்.

"n-ல மூணு இருக்குதேக்கா. ஒரே பொத்தான்ல எப்பிடி வைக்கிறது?"

"பக்கத்துல b, j-க்குக் கோடு புள்ளி கிடையாது, ஆல்ட்டோட சும்மாதானே இருக்குது. அதுல வைப்பா."

முதலாளி சிரித்தார். "உன் ஸ்டூலுக்கு நீயே வேட்டு வெக்கிறியேம்மா."

கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்.

வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். காமாட்சியம்மன் கோயில் வரை நடந்தேன். உள்ளே போகாமல் திரும்பினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போய், எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் நின்றேன். வலது கை விரல் மட்டும் புடவைத் தலைப்பில் எண்களைத் தட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, காலையில் முதலாளியே சைக்கிளில் வந்து கூப்பிட்டார்.

கடையில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். கையில் புரூப். தாள் முழுக்கச் சிவப்பு. கோடு வைத்த எழுத்து, புள்ளி வைத்த எழுத்து ஒன்றுகூட இல்லை. அந்த இடமெல்லாம் விட்டுப்போயிருந்தது.

"புஸ்தகம் பல்லு கொட்டினாப்ல இருக்கேப்பா," என்றார்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்த எழுத்து வந்தா கை நின்னுடுது சார். அப்பறம் தானா தாண்டிப் பூடுது."

எனக்குப் புரிந்தது. அவன் ஒருநாளும் என் கரையைத் தொட்டவன் இல்லை.

பழையபடி இரண்டு பேரும் உட்காருங்கள் என்றார் முதலாளி. மறுபடி யாராவது வந்து சிரிப்பார்கள், மறுபடி என்னை அனுப்புவார் என்று தோன்றியது.

"நான் நேரா ஒக்கார்றேன்," என்றேன். "அண்ணன் பத்திரிகை மிஷினுக்குப் போவட்டும்."

"உனக்கு ஒவ்வொரு லெட்டரா தேடணுமே," என்றான் அண்ணன்.

"தேடிக்கிறேன்."

முதலாளி என்னையும் பெரியவரையும் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பக்கம், தப்பில்லாம. குடுத்தா அந்தச் சேர் உன்னுது. இல்லன்னா வீட்டுக்குப் போயிடணும், அப்பறம் கேக்கக் கூடாது."

அண்ணன் எழுந்தான். நாற்காலியை என் பக்கம் தள்ளினான். "ஆல்ட்டைக் கட்டை விரல்ல புடி," என்றான். பத்திரிகை மிஷினுக்குப் போனான்.

முதல் வரிக்கே வியர்த்துவிட்டது. r எங்கே, t எங்கே என்று தேடினேன். கோடு வைத்த எழுத்துகள்தான் எனக்குச் சுலபம், எண்கள் விரலிலேயே இருந்தன; சாதா எழுத்துதான் கஷ்டம். கால் தானாக ஆடியது, தறி மிதியைத் தேடுகிறது போல. முதல் பக்கம் முடிகிற நேரத்தில் கரண்ட் போனது. சேவ் செய்யவில்லை. கரண்ட் வருகிற வரை கடைக்குள் முன்னும் பின்னும் நடந்தேன். முதலாளி உட்காரச் சொன்னார். முடியவில்லை. வந்ததும் முதல் வரியிலிருந்து அடித்தேன். சாப்பிடப் போகவில்லை. பெரியவருடைய கையெழுத்தும் பொத்தானும் தவிர எதையும் பார்க்கவில்லை.

சாயங்காலம் பெரியவர் சிவப்புப் பேனாவோடு வந்தார். டியூப்லைட்டுக்கு அடியில் நின்று, வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி படித்தார். பேனா மூடியைக் கழற்றவே இல்லை. ஒவ்வொரு தாளாக முதலாளி கையில் கொடுத்தார். அவர் எண்ணினார்.

மூன்று.