பஞ்சர் அக்காவுக்கு வந்த நோட்டீஸ்

சந்தைக்குப் பின்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவரை எல்லோரும் பஞ்சர் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கணவர் இறந்த பிறகு அவருடைய கடையை எடுத்து நடத்தியவர். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தை விரலால் பொத்திக்கொண்டே, கடைக்கு வந்தவர்களை வம்புக்கு இழுப்பார். "இது ட்யூபா, சல்லடையா? ஆணியைத் தேடித் தேடி ஏத்துவீங்களோ?" யாருக்கும் பயப்படாத வாய் என்று பெயர்.

அந்த வாயைப் பக்கத்து வெல்டிங் பட்டறைக்காரன் அடைத்துவிட்டான். கடை இருந்த இடம் அவனுக்கு வேண்டியிருந்தது. அக்கா காலி செய்ய மறுத்தார். இரும்புக் கம்பியால் தோளில் அடித்தான், எலும்பு முறிந்தது. போலீஸ் அவனைப் பிடித்து உள்ளே வைத்தது. ஆனால் அவனுடைய மச்சான் அக்காவின் வீட்டு வாசலுக்கே வந்து, "புகாரை வாபஸ் வாங்கு. இன்னொரு தோள் நல்லாத்தானே இருக்கு?" என்று கத்திவிட்டுப் போனான்.

அக்கா கடையை மூடினார், போன் நம்பரை மாற்றினார், ஊரின் மறுகோடியில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். புறப்படும்போது பக்கத்து மாடிவீட்டு அம்மாளிடம் மட்டும் புது நம்பரைக் கொடுத்து, "யார் வந்து கேட்டாலும் அப்படி ஒருத்தி இங்க இல்லவே இல்லைன்னு சொல்லிடுங்கம்மா" என்றார். மாடிவீட்டு அம்மாள் ஒன்றை ஏற்றுக்கொண்டால் குறை வைக்க மாட்டார்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. குரலில் பெருமை வழிந்தது.

"உன்னைத் தேடி ஒருத்தன் ரெண்டு தடவை வந்தான்டி. தோள்ல பை, கையில காகிதம். அப்படி யாருமே கிடையாதுன்னு விரட்டிட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னான். அதையும் குடுத்துட்டேன்!"

"யாருன்னு சொன்னானாம்மா?"

"கோர்ட்லேருந்து வரானாம். யார்கிட்ட கதை விடுறான்!"

அக்காவுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புகார் எழுதிய அன்றே பெண் ஏட்டு சொல்லியிருந்தார்: பட்டறைக்காரன் ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிவித்தாக வேண்டும், அவர் பேச விரும்பினால் கேட்டாக வேண்டும், சட்டம் அப்படி. தெரிவிக்க வந்தவரைத்தான் மாடிவீட்டு அம்மாள் விரட்டியிருக்கிறார். உடனே ஏட்டுக்குப் போன் போட்டார்.

"எங்கம்மா தொலைஞ்சு போனீங்க? இன்னைக்குத்தான் விசாரணை. ஓடி வாங்க!"

தங்கை குறுக்கே நின்றாள். "அவன் மூஞ்சிக்கு நேரா போய் நிக்கப்போறியாக்கா? நாளைக்கு வெளிய வந்தான்னா?"

"நான் போகலைன்னா இன்னைக்கே வந்துருவான். நகரு. இல்லைன்னா கூட வா."

அக்காவும் தங்கையும் நீதிமன்ற அறைக்குள் நுழைந்தபோது, அக்கா போனில் சொன்னதும் புறப்பட்ட மாடிவீட்டு அம்மாள் மூச்சு வாங்க அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். பட்டறைக்காரனின் வக்கீல் பேசிக்கொண்டிருந்தார்.

"இரண்டு முறை நோட்டீஸ் போயிருக்கிறது. அந்த முகவரியில் அப்படி ஒருவரே இல்லை என்று எழுதி வந்திருக்கிறது. அக்கறையே இல்லாத ஒருவருக்காக என் கட்சிக்காரர் இன்னும் எவ்வளவு காலம் உள்ளே இருப்பது?"

"இருக்கேங்க" என்றார் அக்கா. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடையில் கூப்பிடுவதுபோல இன்னொரு முறை உரக்கச் சொன்னார். "இருக்கேங்க! அடி வாங்கினவ நான்தான்."

நீதிபதி அம்மா முன்னால் வரச் சொன்னார்.

"பாருங்கள்" என்றார் வக்கீல். "நோட்டீஸ் கைக்கு வராமல் ஒளிந்துகொண்டதே இவர்தான்."

பட்டறைக்காரன் திரும்பி அக்காவை முறைத்தான்.  அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒளிஞ்சதும் நிஜம், பக்கத்து வீட்டு அம்மாவைப் பொய் சொல்ல வச்சதும் நிஜம். எதுக்குன்னு கேளுங்கம்மா. இந்தப் பட்டறைக்காரர் உள்ள இருக்கும்போதே மச்சானை அனுப்பி, இன்னொரு தோளையும் உடைப்பேன்னு மிரட்டினார். இவரே வெளிய வந்துட்டா நான் எங்க போய் ஒளியறது?"



"எந்த மச்சான்?" என்றார் நீதிபதி.

மாடிவீட்டு அம்மாள் துள்ளி எழுந்தார். "அதோ, அந்தக் கோடு போட்ட சட்டை! அவன் கத்தினதை மாடியில நின்னு முழுசா கேட்டவ நான். நைசா நழுவுறான் பாருங்க, பிடிங்க!"

கதவு வரை போய்விட்ட மச்சானைக் காவலர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். அறை முழுக்கச் சிரிப்பு.

ஜாமீன் மனு தள்ளுபடியானது. மச்சானின் மிரட்டலை விசாரிக்கவும், இனி ஒவ்வொரு விசாரணைக்கும் அக்காவிடம் நேரில் தகவல் சொல்லவும் நீதிபதி உத்தரவிட்டார்.

எழுத்தர் பேனாவை எடுத்தார். "எந்த விலாசத்துக்கு அனுப்பணும்?"

தங்கை தன் வீட்டு விலாசத்தைச் சொல்ல வாயெடுத்தாள். அக்கா முந்திக்கொண்டார்.

"சந்தைக்குப் பின்தெரு, சைக்கிள் கடை."

"நோட்டீஸ் கொண்டுபோனவர் அது மூடியிருக்குன்னாரே?"

"இப்ப திறக்கத்தான் போறேன். சீக்கிரம் எழுதுங்க சார்."